ஒரு வெள்ளிச் சீட்டின் முழு மதிப்பு

இந்த வாரம் சம்பளத்தைப் பற்றியோ போனஸைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு வெள்ளியைப் பற்றி எழுதப் போகிறேன்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் சீட்டு எடுக்க நம் நாட்டுக் குடிமகன் கட்டுவது ஒரு வெள்ளி. இன்று ஒரு வெள்ளிக்குக் கடையில் நல்ல தே ஓ கிடைப்பதே கஷ்டம். ஆனால் அந்தச் சீட்டைக் கையில் பிடித்தவனுக்கு டாக்டர் உண்டு, எக்ஸ்ரே உண்டு, இரத்தப் பரிசோதனை உண்டு. உயிர் ஊசலாடினால் அதைப் பிடித்து நிறுத்த மிஷினும் மருந்தும் உண்டு. மீதிச் செலவை அரசாங்கம் கொடுக்கிறது. அரசாங்கம் என்றால் யார்? நாம் வாங்கும் சாமானிலும் நாம் வெட்டும் குலையிலும் வரி இருக்கிறது. ஆக அது நம் பணம்தான். அந்தப் பணத்துக்கு முழு மதிப்பு கிடைக்கிறதா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. கிடைக்கவில்லை என்பதே என் கட்சி. ஏன் கிடைக்கவில்லை என்பதில்தான் பலரோடு நான் மாறுபடுகிறேன்.

என் வீட்டிலேயே நடந்ததைச் சொல்கிறேன். என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், ஐம்பத்திரண்டு வயது. செம்பனைக் குலை வெட்டுபவர். நாற்பதடி மரத்தில் கத்தியை ஏற்றி நிறுத்தினால் கை ஆடாது. ஒருநாள் இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு உட்கார்ந்தவருக்கு நெஞ்சில் ஏதோ பாரம். இடது கை கடுத்தது. வேர்த்துக் கொட்டியது. "காத்துப் புடிச்சிருக்கு"ன்னு சொல்லி அக்கா கோடாலித் தைலத்தைத் தேய்த்தார். இஞ்சித் தண்ணி கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து முதுகை நீவிவிட்டார். பத்தரைக்கு ஒரு முறை வாந்தி. பதினொன்றுக்கு எனக்கு டெலிபோன் வந்தது. "தம்பி, ஒங்க மச்சான் மொகம் சாம்பலா போச்சு தம்பி, என்னா செய்றதுன்னே தெரியல."

999-ஐக் கூப்பிடுங்கள் என்றேன். கூப்பிட்டார்கள். எதிர்முனையில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். வீட்டு நம்பர் என்ன, சாலைப் பெயர் என்ன என்று கேட்டார். தோட்டத்து லயத்துக்குச் சாலைப் பெயர் எங்கிருந்து வரும்? "ரெண்டாம் டிவிஷன், பெரிய லயம், கோயிலுக்குப் பின்னால" என்று சொன்னால் பட்டணத்து ஆம்புலன்ஸ் டிரைவருக்கு என்ன விளங்கும்? கடைசியில் மருமகன் தன் காரை எடுத்தான். கீழ்ச் சடக்கு வழியாகப் போனால் இருபது நிமிஷம். ஆனால் குலை திருட்டு என்று சொல்லி நிர்வாகம் கீழ்க் கேட்டை இரவில் பூட்டிவிடுகிறது. சாவி மேல் கேட் காவலாளியிடம். அவர் ரவுண்டு போயிருந்தார். திரும்பி, தோட்டத்தைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது மணி பன்னிரண்டு இருபது.

அங்கே கவுண்டரில் "அப்பா சாக்கிட்?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்காவுக்குத் தெரிந்த மலாயில், "பாடான் சாக்கிட், மாசோக் ஆங்கின்" என்று சொல்லியிருக்கிறார். உடம்பு வலி, காற்றுப் பிடித்திருக்கிறது. வீட்டில் எதை நம்பினாரோ அதையே சொன்னார். பச்சைச் சீட்டு கொடுத்து உட்காரச் சொன்னார்கள். நாற்காலியில் சரிந்து கிடந்தவரை, அந்த வழியாக எதற்கோ போன மருத்துவ உதவி அதிகாரி ஒருவர் பார்த்தார். நெற்றியில் கை வைத்தார். அடுத்த நிமிஷம் தள்ளுபடுக்கை வந்தது. இதயத் துடிப்பை எடுக்கும் ஈ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்ததும் டாக்டர் ஓடி வந்தார். அடைப்பைக் கரைக்கும் ஊசி ஏறும்போது மணி ஒன்றே முக்கால்.

மச்சான் பிழைத்துக்கொண்டார். அந்த அதிகாரிக்கும் டாக்டருக்கும் எங்கள் குடும்பம் கையெடுத்துக் கும்பிடுகிறது. ஆனால் இதயத்தின் ஒரு பகுதி செத்துவிட்டது. பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. குலை வெட்டும் வேலை போச்சு. தோட்டத்தில் வேலை போனால் அடுத்து என்ன போகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதம் எந்த மாதம் வருமோ என்று அக்கா இன்றைக்கும் தபால்காரர் மோட்டார் சத்தத்துக்குப் பயப்படுகிறார்.

அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் ஆஸ்பத்திரியைக் கிழித்து ஒரு கடிதம் எழுதப் பேனாவை எடுத்தேன். யூனியன்காரன் கை அல்லவா, தானாக அப்படித்தான் போகும். எழுதுவதற்கு முன் மணிக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒன்பதிலிருந்து பதினொன்று வரை, இரண்டு மணி நேரம், வீட்டில் போயிற்று. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு இருபது வரை, ஒரு மணி இருபது நிமிஷம், தோட்டத்திலும் சடக்கிலும் போயிற்று. அதன் பிறகு ஒரு மணி இருபத்தைந்து நிமிஷம் ஆஸ்பத்திரியில் போயிற்று. ஆஸ்பத்திரி திருடியது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சத்தைத் திருடியவர்கள் நாமும் நிர்வாகமும். கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த நோயின் சூட்சுமத்தை டாக்டர் எனக்கு விளக்கினார். இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயில் இரத்தம் உறைந்து அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பால் இருக்கும் தசை நிமிஷத்துக்கு நிமிஷம் சாகிறது. அடைப்பைக் கரைக்கும் ஊசியை வலி தொடங்கி 12 மணி நேரம் வரை கொடுக்கலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் தசை நிறைய மிஞ்சும். இந்த ஊசி போடக் கோலாலம்பூருக்கு ஓட வேண்டியதில்லை. மாவட்ட ஆஸ்பத்திரியிலேயே போடுகிறார்கள். நெஞ்சு வலியோடு வருகிறவருக்குப் பத்து நிமிஷத்துக்குள் ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும், ஊசி தேவை என்று தெரிந்தால் அரை மணிக்குள் போட வேண்டும் என்பது டாக்டர்கள் தங்களுக்குத் தாங்களே வைத்திருக்கும் விதி.

இப்போது யோசித்துப் பாருங்கள். இரவு பத்தரை மணிக்கு மச்சானுக்கு அந்த ஊசி ஏறியிருந்தால்? அதே ஊசி. அதே டாக்டர். அதே ஒரு வெள்ளிச் சீட்டு. அரசாங்கத்துக்கு ஒரு காசு கூடுதல் செலவில்லை. மனிதர் மட்டும் மறுபடியும் கத்தி பிடித்திருப்பார். அவசர சிகிச்சையின் மதிப்பு என்று நான் சொல்வது இதைத்தான். புதுக் கட்டடம் கட்டி ரிப்பன் வெட்டினால் மதிப்பு கூடிவிடாது. அங்கே இருக்கும் மருந்து எந்த மணிக்கு ஏறுகிறதோ, அந்த மணியில் இருக்கிறது மதிப்பு.

இதற்கு இன்னொரு கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள். அவசரப் பிரிவில் கூட்டம் நெரிகிறதே, சளிக்கும் இருமலுக்கும் வந்து உட்கார்ந்துகொள்கிறார்களே, ஒரு வெள்ளியைப் பத்து வெள்ளி, இருபது வெள்ளி ஆக்கினால் தேவையில்லாதவர்கள் வரமாட்டார்கள் என்பது அவர்கள் வாதம். படித்தவர்கள் சொல்கிறார்கள், கேட்க நியாயமாகவும் இருக்கிறது. ஆனால் அக்காவை நினைத்துப் பாருங்கள். தன் புருஷனுக்குக் காற்றுப் பிடிப்பு என்று நம்பிய ஒரு பெண் இருபது வெள்ளி கேட்கும் இடத்துக்கு இரவில் போவாரா? காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்திருப்பார். கட்டணம் ஏற்றினால் சளிக்காரனும் நின்றுபோவான், மாரடைப்புக்காரனும் நின்றுபோவான். எது எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் நாம் ஏன் டாக்டரிடம் போகிறோம்? அமெரிக்காவில் ராண்ட் என்ற நிறுவனம் 1970-களில் தொடங்கி 1982 வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தது. கையிலிருந்து காசு கட்டச் சொன்னபோது தேவையில்லாத வைத்தியம் குறைந்தது உண்மை. தேவையான வைத்தியமும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குறைந்தது.

சளிக்கும் இருமலுக்கும் அவசரப் பிரிவுக்குப் போகிறோம் என்பதை நான் மறுக்கவில்லை. ஏன் போகிறோம்? காலையில் பெரட்டு ஆறு மணிக்கு. வேலை முடிந்து குளித்துச் சடக்குக்கு வருவதற்குள் சுகாதாரக் கிளினிக்கில் நம்பர் கொடுத்து முடித்துவிடுகிறார்கள். ஒருநாள் வேலைக்குப் போகாமல் கிளினிக்கில் உட்கார்ந்தால் அந்த நாள் கூலி போகிறது. அடிப்படைச் சம்பளம் 2025-இல் 1,700 வெள்ளி ஆகியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் ஒருநாள் கூலியை இருமலுக்குக் கொடுக்கிற நிலையில் யார் இருக்கிறார்கள்? இரவில் திறந்திருக்கும் ஒரே கதவு அவசரப் பிரிவின் கதவு. அதைத் தட்டுகிறோம். 2023-இல் சுகாதார அமைச்சு சில கிளினிக்குகளின் நேரத்தை இரவு ஒன்பதரை வரை நீட்டியது. நெரிசல் மிகுந்த பட்டணங்களுக்கு அது பயன்பட்டது. வாரத்தில் இரண்டு இரவாவது தோட்டப் பகுதிக் கிளினிக்கும் அப்படித் திறந்திருந்தால், பச்சை நாற்காலிகளில் பாதி காலியாகும் என்பது என் கணிப்பு. அப்போது நாற்காலியில் சரிந்து கிடக்கும் ஒரு மனிதர் எல்லார் கண்ணிலும் படுவார்.

பச்சை, மஞ்சள், சிவப்பு என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பலர் இதை முதலில் வந்தவருக்கு முதலில் என்ற தபாலாபீஸ் வரிசையாக நினைத்துக்கொண்டு சண்டை போடுகிறார்கள். அப்படி இல்லை. கவுண்டருக்கு முன்னால் நிற்கும் நேரத்திலேயே ஒருவர் உங்களைப் பார்த்து, கேட்டு, தரம் பிரித்துவிடுகிறார். உயிர் போகும் நிலை என்றால் சிவப்பு, உடனே உள்ளே. ஆபத்து வரக்கூடும் என்றால் மஞ்சள். காத்திருக்கலாம் என்றால் பச்சை. இது நல்ல முறை. ஏழை பணக்காரன் பார்க்காத முறை. ஆனால் எல்லாமே அந்த இரண்டு மூன்று நிமிஷத்தில் நீங்கள் சொல்லும் வார்த்தையில் தொங்குகிறது.

அந்த வார்த்தை நம் பெரியவர்களிடம் இல்லை. நெஞ்சு வலியை 'மாரு வலி' என்பார்கள், 'காத்து' என்பார்கள், மலாயில் சொல்லச் சொன்னால் எல்லாமே 'பாடான் சாக்கிட்' ஆகிவிடும். ஆகையால் வீட்டிலுள்ள பிள்ளைகள் மூன்று நான்கு வார்த்தைகளை எழுதி ஐஸ் பெட்டிமேல் ஒட்டிவையுங்கள். நெஞ்சு வலி, 'சாக்கிட் டாடா'. மூச்சுத் திணறல், 'செசாக் நாப்பாஸ்'. குளிர்ந்த வேர்வை, 'பெலு செஜுக்'. என்ன நோய் என்று நாமாக முடிவு செய்து சொல்லவே கூடாது. காற்று என்று நாம் பேர் வைத்துவிட்டால் அவர்களும் காற்று என்றே எழுதிக்கொள்வார்கள். எங்கே வலிக்கிறது, எத்தனை மணிக்குத் தொடங்கியது, அதைச் சொன்னால் போதும். உட்கார வைத்த பிறகு நிலைமை மோசமானால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்காதீர்கள். எழுந்து போய், "லெபே தெரோக், தோலோங் திங்கோக்" என்று சொல்லுங்கள். முன்பைவிட மோசமாகிவிட்டது, தயவுசெய்து பாருங்கள் என்று அர்த்தம். சத்தம் போட வேண்டியதில்லை, ஆனால் கேட்க வெட்கப்படவும் வேண்டியதில்லை.

இன்னொன்றையும் எழுதத்தான் வேண்டும். சிலருக்குப் பிடிக்காது. நம் ஆள் ஒருவன் வார்த்தை குழறி, தள்ளாடி, வேர்த்து விழுந்து கிடந்தால் முதலில் வரும் வார்த்தை 'குடிச்சிருக்கான்'. ஆஸ்பத்திரியில் மட்டுமில்லை, லயத்திலும் அதே வார்த்தைதான். நான் அறிந்த ஒரு தோட்டத்தில் இனிப்பு நீருக்கு ஊசி போட்டுக்கொள்ளும் ஒருவர் சம்பள நாளன்று மாலையில் இப்படிக் கிடந்தார். சம்பள நாள் என்பதால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. ஒரு மணி நேரம் ஐந்தடியில் கிடந்தார். பிறகு பார்த்தால் இரத்தத்தில் சீனி தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்தால் ஒரு நிமிஷத்தில் தெரிகிற விஷயம். அவர் அன்று ஒரு சொட்டும் குடிக்கவில்லை. குடித்தவனுக்கும் சீனி இறங்கும், குடித்தவனுக்கும் மூளையில் இரத்தம் கசியும் என்பது வேறு கதை. குடித்திருக்கிறானா இல்லையா என்ற விசாரணையைப் பிறகு வைத்துக்கொள்ளட்டும், முதலில் விரலைக் குத்திப் பார்க்கட்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

நேரத்தைப் பற்றி இன்னும் சில. முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கை தூக்க முடியாமல், பேச்சு குழறினால் அது பக்கவாதம். மூளைக்குப் போகும் குழாய் அடைத்திருந்தால் அதையும் கரைக்க மருந்து உண்டு. ஆனால் நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் தலையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும். சின்ன ஆஸ்பத்திரிகள் பலவற்றில் அந்த ஸ்கேன் மிஷின் இல்லை. ஆகையால் எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று 999-இல் கேட்டுவிட்டுப் புறப்படுவதே புத்தி. டாக்டர் கேட்கப்போகும் முதல் கேள்வி, "கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தார்?" அதற்குப் பதில் தெரியாவிட்டால் அந்த மருந்தைக் கொடுக்கப் பயப்படுவார்கள். கடிகாரத்தைப் பார்த்து ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

பாம்பு கடித்தால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இவை நம் தாத்தா காலத்துப் பழக்கம். இவற்றால் கால் போனவர்கள் உண்டு. கடித்த கையையோ காலையோ ஆட்டாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நாகத்தின் விஷத்துக்கு ஒரு மருந்து, விரியனுக்கு வேறு மருந்து. ஆகவே முடிந்தால் தூர நின்று கைப்பேசியில் ஒரு படம். பாம்பை அடித்து எடுத்துக்கொண்டு போக வேண்டாம். அடிக்கப் போய் இன்னொருவர் கடிபட்ட கதையும் எனக்குத் தெரியும். பூச்சி மருந்து, புல் மருந்து உள்ளே போய்விட்டால் அந்த டின்னின் லேபிளைக் கையோடு கொண்டுபோங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் இருக்கும் தேசிய விஷ மையத்தைக் கூப்பிட்டு, இன்ன மருந்துக்கு என்ன வைத்தியம் என்று டாக்டர்கள் கேட்டுக்கொள்வார்கள். பெயர் தெரிந்தால்தானே கேட்க முடியும்? பாராகுவாட் 2020-இல் தடை செய்யப்பட்டது. நம் சங்கங்கள் பல வருஷம் கத்தியதற்குக் கிடைத்த பலன். அதற்காகப் பழைய டின் எதுவும் ஸ்டோரில் இல்லை என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம்.

இதெல்லாம் நம் பங்கு. இனி நிர்வாகத்தின் பங்குக்கு வருகிறேன்.

நான் தோட்டப் பள்ளியில் படித்த காலத்தில் எங்கள் தோட்டத்தில் ஒரு டிரசர் ஐயா இருந்தார். வெள்ளைச் சட்டை, சைக்கிள், பெட்டி. அவர் ஊசியைக் கண்டால் நாங்கள் பால் ஸ்டோருக்குப் பின்னால் ஒளிந்துகொள்வோம். அவர் பெரிய வைத்தியர் என்று புளுக மாட்டேன். எந்த நோய்க்கும் ஒரே சிவப்பு மிக்சர்தான், பாட்டிலை மட்டும் நாம் கொண்டுபோக வேண்டும். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டினால் எழுந்து வருவார். இவன் யார், இவன் அப்பன் எதனால் செத்தான் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இது என்னால் ஆகாது, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்வார். சொன்ன கையோடு தோட்டத்து வேனையும் எடுக்கச் சொல்வார். அவர் சொன்னால் கேட் திறக்கும். தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளர்களைப் பதிவு செய்ய 1965-இல் ஒரு சட்டமே போட்டார்கள் என்றால் அந்த வேலையின் கனம் விளங்கும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு, கித்தா போய்ச் செம்பனை வந்து, ஆள் குறைந்து, டிரசர்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். பல இடங்களில் பழைய ஆஸ்பத்திரிக் கட்டடம் உர மூட்டை அடுக்கும் இடமாக இருக்கிறது.

டிரசர் ஐயாவைத் திரும்பக் கொண்டுவா என்று நான் கேட்கவில்லை. அவர் செய்த வேலையை யார் செய்கிறார் என்று கேட்கிறேன். ராத்திரியில் வண்டி யாருடையது? டிரைவர் யார், அவர் டெலிபோன் நம்பர் லயத்துச் சுவரில் எழுதியிருக்கிறதா? கேட் சாவி யாரிடம்? ஆம்புலன்ஸுக்கு வழி சொல்ல ஒவ்வொரு லயத்துக்கும் ஓர் எண் எழுதி, அந்த இடத்தின் இருப்பிடக் குறியைக் கைப்பேசியில் அனுப்பும்படி தயாராக வைத்தால் என்ன செலவாகும்? ஒரு டின் சாயம். சடக்கு முனையில் ஒருவர் டார்ச் லைட்டோடு நின்றால் அதுகூட வேண்டாம். ஒவ்வொரு டிவிஷனிலும் முதலுதவி படித்தவர் இரண்டு பேர், பகலில் வேலைக்காட்டில் ஒருவர், ராத்திரியில் லயத்தில் ஒருவர். நெஞ்சைக் கையால் அழுத்தி நின்றுபோன இதயத்தை ஓட வைக்கும் பயிற்சி ஒருநாளில் முடிந்துவிடுகிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள்கூடக் கற்றுக்கொள்கிறார்கள்.

இதைக் கேட்க நமக்குச் சட்டம் இருக்கிறது. 1990-ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் சட்டம், அதாவது 446-ஆம் சட்டம், வீட்டோடு நிற்கவில்லை, சுகாதாரத்தையும் மருத்துவத்தையும் பற்றிப் பேசுகிறது. 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் கமிட்டி இருக்க வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதியும் உட்கார வேண்டும். பல தோட்டங்களில் அந்தக் கமிட்டி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு கலைந்துவிடுகிறது. தலைக்கவசம், கையுறை பற்றிப் பேசிவிட்டு காப்பி குடித்துவிட்டு வருகிறார்கள். கேட் சாவியும் ராத்திரி வண்டியும் அங்கே பேச வேண்டிய விஷயங்கள். நிர்வாகம் சொன்னதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது காற்றோடு போகும்.

குலை திருட்டுப் போகிறது என்ற நிர்வாகத்தின் கவலை எனக்குத் தெரியாமல் இல்லை. பூட்டட்டும். பூட்டிய கேட்டுக்கு உள்ளே நானூறு பேர் தூங்குகிறார்கள் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

ஆஸ்பத்திரிகளுக்கும் இரண்டு வார்த்தை. காத்திருப்பவர்களை அரை மணிக்கு ஒரு முறை யாராவது ஒரு சுற்று வந்து முகம் பார்த்துவிட்டுப் போனால் போதும், மச்சானைப் போன்றவர்கள் தப்புவார்கள். அன்றைக்கு ஒரு மனிதர் தற்செயலாகச் செய்ததைத்தான் நான் முறையாகச் செய்யச் சொல்கிறேன். தமிழ் தெரிந்த தாதியோ உதவியாளரோ ஒருவர் இல்லாத ஆஸ்பத்திரி நம் வட்டாரத்தில் குறைவு. கவுண்டரில் மொழி முட்டும்போது அவரைக் கூப்பிடும் பழக்கம்தான் இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது கையில் ஒரு தாள் கொடுங்கள், அதை ஒருமுறை வாயாலும் சொல்லுங்கள். எந்த மருந்து, எந்தக் கிளினிக், என்ன நடந்தால் திரும்ப வர வேண்டும். அது விளங்காமல் வீட்டுக்குப் போனவர் மூன்றாம் நாள் அதே பிரிவுக்குத் திரும்பி வருகிறார். அவருக்கும் அலைச்சல், உங்களுக்கும் இரட்டை வேலை.

நம்மோடு குலை வெட்டும் இந்தோனேசியத் தம்பியையும் வங்காளதேசத்துத் தம்பியையும் விட்டுவிட்டால் இந்தக் கட்டுரை பாதிதான். அவர்களுக்கு ஒரு வெள்ளிச் சீட்டு இல்லை. வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. அதனால் கடைசி நிமிஷம் வரை தாங்கிக்கொண்டு கிடக்கிறார்கள். 2019 ஜனவரி முதல் சட்டப்படி வந்த வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் சொக்சோவின் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. வேலையில் அடிபட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். அது அவர்களுக்கும் நமக்கும் ஒன்றுதான். அவர்கள் அருகில் இருந்தால் இதைப் படித்துச் சொல்லுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய நம் ஆட்கள் சொக்சோ 2013-இல் தொடங்கிய இலவச உடல் பரிசோதனையைப் போய்ச் செய்துகொள்ளலாமே என்றும் கேட்கிறேன். மச்சானுக்கு அந்த வாய்ப்பு இருந்தது. அரைநாள் கூலி போகுமே என்று போகவில்லை. இரத்த அழுத்தம் அவருக்கு எத்தனை வருஷமாக இருந்ததோ, யாருக்குத் தெரியும்?

அந்தத் தோட்டத்தில் கீழ்க் கேட்டின் இரண்டாவது சாவி இப்போது லயத்தில், தோட்டக் கமிட்டித் தலைவர் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதை வாங்க மூன்று கடிதம், இரண்டு கூட்டம் ஆயிற்று. லய எண்ணைச் சுவரில் எழுதியது பையன்கள், சாயம் கோயில் திருவிழாவில் மீந்தது. ராத்திரி வண்டிக்கு நிர்வாகம் இன்னும் தலையாட்டவில்லை. எரிபொருள் யார் கணக்கில் என்பதில் முட்டிக்கொண்டு நிற்கிறது. அடுத்த பாதுகாப்புக் கமிட்டிக் கூட்டத்தில் அதுதான் முதல் விஷயம். உங்கள் தோட்டத்தில் சாவி யாரிடம் இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.